இரவல் நாள்

அந்த அறைக்கு ஜன்னல் இருந்ததா என்று உலகம்மைக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தது, அதன் வழியே ஒரு புங்க மரம் தெரிந்தது என்று சில நாள் தோன்றும். இல்லை, அது அதற்கு முன்னால் வேலை பார்த்த இடம் என்று சில நாள் தோன்றும். மழைக்காலமா பனிக்காலமா என்பதிலும் குழப்பம்தான். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அடுத்தவர்களின் நினைவை அளந்து சம்பளம் வாங்கியவள் அவள். அதனாலேயே தன் நினைவின் மேல் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அன்று பேசியவர்களின் வார்த்தைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது.

துறைமுக ஊர் ஒன்றில் இளைஞர் நீதிக் குழுமத்தின் மனநல மதிப்பீட்டாளராக இருந்தாள். பதினாறு வயது முடிந்து பதினெட்டு ஆகாத பிள்ளைகள் மேல் பெரிய வழக்கு ஏதாவது வந்தால், குழுமம் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்த நேரத்தில், அதனால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்ததா? தெரியவில்லை என்றால் பிள்ளை சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருடம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும். தெரிந்திருந்தது என்றால் பெரியவர்களைப் போல விசாரணை, பெரியவர்களைப் போலத் தண்டனை. பத்து வருடம், பதினான்கு வருடம்.

முன்பெல்லாம் இதை ஆட்களே கேட்டு, ஆட்களே எழுதினார்கள். ஒரே பிள்ளையை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாக எழுதுகிறார்கள் என்று புகார் வந்தது. அதன் பிறகு குடை வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. அழகு நிலையங்களில் முடி உலர்த்தத் தலைக்கு மேல் கவிழ்ப்பார்களே, அந்த மாதிரி இரண்டு கவிகைகள், இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிள்ளை, மற்றதில் மதிப்பீட்டாளர். பிள்ளை நினைப்பதை மதிப்பீட்டாளரும் பார்க்கலாம். அளப்பது மட்டும் இயந்திரம்.

ஜெனோவா முதல் நாள் வந்தபோது அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். பதினேழு வயது. மீனவக் குடும்பத்துப் பெண். இறால் பதப்படுத்தும் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை பார்த்த கை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

குடையை இயக்குகிற சதக்கத்துல்லாதான் அவளிடம் பேச்சுக் கொடுத்தான். காயல்பட்டினத்துக்காரன். முப்பது வயதுக்குள் தலை வழுக்கையாகிவிட்டது.

"உக்காரும்மா. ஷாக்கெல்லாம் அடிக்காது. முடியும் கொட்டாது. எனக்குக் கொட்டுனது குடும்ப வியாதி."

அவள் சிரிக்கவில்லை. "மண்டைக்குள்ள இருக்குறது எல்லாத்தையும் காட்டிருமா?"

"எல்லாம் காட்டாது. நீ எத நெனைக்கியோ அத மட்டும் மேடம் பாப்பாவ. மெஷின் அதுல ஒண்ணே ஒண்ண அளக்கும்."

"எத?"

சதக் கொஞ்சம் யோசித்தான். "மாடிப்படியில ஒரு சின்னப் புள்ள இரும்புக் குண்ட உருட்டி விடுதுன்னு வையி. அதுக்குக் குண்டு மட்டுந்தான் தெரியும். நான் உருட்டுனா, கீழ யார் கால்லயாவது விழும், ரத்தம் வரும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதெல்லாமும் சேத்துத் தெரியும். அந்தச் சேத்துத் தெரியுறது இருக்குல்லா, அதுக்குப் பேரு பின்வரவு. அது ஒனக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு பாக்கணும். அறுவதுக்குக் கீழ இருந்தா நீ சின்னப் புள்ள."

"மேல இருந்தா?"

சதக் உலகம்மையைப் பார்த்தான்.  ஜெனோவா தானாகவே உட்கார்ந்தாள்.

வழக்கு இதுதான். கம்பெனியில் சௌந்தரபாண்டி என்று ஒரு சூப்பர்வைசர். வேலை நேரத்தில் பேசினால் பெண்களை ஐஸ் ரூமுக்குள் பத்து நிமிடம் நிற்க வைப்பார். வெள்ளிக்கிழமை ஜெனோவாவை நிற்க வைத்தார். மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து எல்லாரும் கை கழுவப் போன பிறகு, சரக்கைப் பார்க்க அவர் உள்ளே போனார். ஜெனோவா வெளியிலிருந்து கொண்டியைப் போட்டாள். பத்து நிமிடம் கழித்துத் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன் என்று போலீஸில் சொன்னாள். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. உள்ளே இருந்த அபாய மணி பல மாதமாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அதற்குக் கம்பெனி மேல் வேறு வழக்கு.

பஸ் ஹாரன் அடித்த அந்த ஒரு நிமிடத்தில் ஜெனோவாவின் மனதில் என்ன இருந்தது என்பதுதான் உலகம்மை பார்க்க வேண்டியது.

அந்த இடத்துக்கு யாரும் நேராகப் போய்விட முடியாது. பயந்த மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு நல்ல நாளை நினைக்கச் சொல்வார்கள். அதற்குப் பிடிநாள் என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து அந்தக் கெட்ட நாளுக்குப் போக வேண்டும். எல்லா ஊரிலும் இதுதான் முறை.

"நல்ல நாள் ஒண்ணு சொல்லு ஜெனோவா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல," என்றாள் உலகம்மை.

"கோயில் கொடியேத்தம்," என்றாள் உடனே. கவிகைக்குள் உலகம்மைக்கும் அது தெரிந்தது. கடற்கரை மணல், சப்பரம், பலூன்காரன். அப்புறம் அப்பா குடித்துவிட்டு வந்து எல்லார் முன்னாலும் அம்மாவின் முடியைப் பிடிக்கிறார். சதக் கையைக் காட்டினான். திரையில் கோடு நிலைகொள்ளவில்லை.

"வேற."

அண்ணன் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போன நாள். அது அண்ணன் கடைசியாகக் கடலுக்குப் போன நாளும்கூட. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த நாள். பரிசுத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நாளையிலிருந்து கம்பெனிக்குப் போ என்று சொல்லக் காத்திருந்தார்கள்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அவளே கவிகையைத் தூக்கிவிட்டு எழுந்துவிட்டாள்.

"எல்லா நாளும் காலைல நல்லாத்தான் மேடம் இருக்கும்," என்றாள்.

 சதக் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான்.

உலகம்மை அப்போது செய்ததை அதற்கு முன்னும் செய்திருக்கிறாள். விதியில் அதற்கு இடமில்லை. கவிகைக்குள் இருக்கும்போது மதிப்பீட்டாளர் தன் சொந்த ஞாபகம் எதையும் நினைக்கவே கூடாது. நினைத்தால் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். ஆனால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு பிள்ளையை எப்படி அந்த ஐஸ் ரூம் வாசலுக்குக் கூட்டிப் போவது? ஊசி போடும்போது நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு காரியமாகத்தான் அவள் அதை நினைத்திருந்தாள். தன்னுடைய நாள் ஒன்றைக் கொடுத்தாள், எப்போதும் கொடுக்கும் அதே நாளை.

அவளுக்கு அப்போது பத்து வயது. அம்மா பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு அம்மாவும் மகளும் மட்டும் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தார்கள். வெள்ளையடிக்க ஆள் வைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சுவருக்கு பெயின்ட் அடித்தாள். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று விட்டுப் போன நிறம். கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார். அம்மா ஸ்டூல் மேல் நின்று மேல் பாதி, உலகம்மை கீழ் பாதி. நடுவில் இரண்டு பேர் கோடும் சேராமல் ஒரு கோணல் பட்டை விழுந்தது. "யாராவது கேட்டா டிசைனுன்னு சொல்லிருவோம்ட்டி," என்றாள் அம்மா. மத்தியானம் பரோட்டாப் பார்சல். நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் சால்னா. பெயின்ட் வாடையில் சாப்பிட முடியாமல் இரண்டு பேரும் வாசற்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா எதற்கோ சிரித்தாள். புரை ஏறும்வரை சிரித்தாள். அடுத்த வருடம் அம்மா படுத்துவிட்டாள். அதற்கடுத்த வருடம் இல்லை.

சதக் திரும்பி வந்து, ஜெனோவாவும் அவளும் மறுபடி கவிகைக்குள் உட்கார்ந்ததும், அந்த வாசற்படியில் உட்கார்ந்த நேரத்தைத்தான் உலகம்மை கொடுத்தாள். ஜெனோவாவின் தோள் இறங்கியது. கோடு நிலைத்தது. அங்கிருந்து இரண்டு பேரும் மெதுவாகச் சனிக்கிழமைக்குப் போனார்கள். கொண்டி, தண்ணீர்க் குழாய், ஹாரன், ஓட்டம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

சதக் திரையை இரண்டு முறை பார்த்தான். "எழுவத்தெட்டுக்கா," என்றான்.

உலகம்மையும் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் பார்த்தவரை அந்த ஓட்டத்தில் பஸ்ஸைத் தவிர எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அளப்பது அவள் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

அறிக்கை குழுமத்துக்குப் போன மறுநாள் நடைபாதையில் ஒரு பெண் அவளை நிறுத்தினாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். சௌந்தரபாண்டியின் மனைவி பொன்னுத்தாய்.

"நீங்கதான அந்தப் புள்ளய மெஷின்ல வச்சுப் பாத்தது?"

"நான் கேஸ் பத்திப் பேசக் கூடாதும்மா."

"கேஸு வேண்டாம். அவிய நல்லவியன்னு நான் சொல்ல வரல. வீட்லயும் அப்படித்தான் இருப்பாவ. ஆனா ரெண்டு நாள் உள்ள கெடந்திருக்காவ. அவ தெரிஞ்சு செஞ்சாளா, தெரியாம செஞ்சாளா? எனக்கு அது மட்டும் தெரியணும். தெரிஞ்சா படுத்தா தூக்கம் வரும்."

"ஆர்டர் வரட்டும்," என்றாள் உலகம்மை. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எழுபத்தெட்டு என்ற எண் அப்போது உலகம்மையின் கைப்பைக்குள்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்காவது தூக்கம் வரும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

அறிக்கையின் நகலைப் பிள்ளையிடம் நேரில் கொடுத்து விளக்க வேண்டும் என்று ஒரு விதி. ஜெனோவாவை வைத்திருந்த கூர்நோக்கு இல்லத்துக்குப் போனாள். ஜெனோவா காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மேடம், அந்த பெயின்ட் அடிச்ச நாளு. அது யாருது?"

 இதுவரை வாங்கிய பிள்ளைகளில் யாரும் கேட்டதில்லை. அதைத் தங்களுடையது என்றே எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

"எதுக்குக் கேக்குற?"

"எங்க அம்மாவுக்கு மூக்குத்தி கெடையாது. அந்த அம்மா போட்டிருக்காவ. எடது கட்டவிரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்காவ. சிரிக்கும்போது முன்பல்லு ஒண்ணு லேசா ஏறியிருக்கும், அத மறைக்கக் கையக் கொண்டு போவாவ. பெயின்ட் கைன்னு ஞாபகம் வந்து நிறுத்திருவாவ. அழகா இருப்பாவ."

உலகம்மை சுவரைப் பார்த்தாள். இதில் ஒன்றுகூட அவளுக்கு இப்போது தெரியாது. குடை வழியே கொடுக்கக் கொடுக்க ஒரு நினைவு கொடுத்தவரிடம் தேயும், வாங்கியவரிடம் முழுசாகப் போய்ச் சேரும். ரொம்ப வருடமாக அந்த வாசற்படியில் அவள் பக்கத்தில் முகம் இல்லாத ஒருத்திதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தி. ஆமாம், இருந்தது. வெள்ளைக்கல்.

"அத நெனச்சா நல்லாயிருக்கு மேடம். ஆனா அழுகையும் வருது," என்றாள் ஜெனோவா. "இந்த அம்மா இனி ரொம்ப நாள் இருக்க மாட்டாவன்னு அங்க உக்காந்திருக்கும்போதே தெரியுது. பரோட்டா தின்னுக்கிட்டே தெரியுது. எங்க அம்மா உசுரோடதான இருக்கா? அப்புறம் எனக்கு எப்படி அது தெரியுது?"

 உலகம்மை எழுந்து வாசலைத் தாண்டும்வரை ஜெனோவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து வயதில் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது உலகம்மைக்கு எதுவும் தெரியாது. சால்னா உறைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா போய்விடுவாள் என்பதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. முப்பது வருடம் நினைத்து நினைத்து, அந்த நாளுக்குள் அதற்குப் பின்னால் வந்த நாட்களெல்லாம் ஊறிவிட்டன. அவள் கொடுத்தது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தது நாற்பத்தொரு வயதுக்காரியின் ஏக்கத்தை.

அலுவலகத்துக்கு வந்து சதக்கை ஜெனோவாவின் கோட்டை மறுபடி போடச் சொன்னாள். பின்வரவு எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்க்கச் சொன்னாள்.

"ஹாரன் சத்தத்துல ஏறல," என்றான் அவன். "அதுக்கு முன்னாடியே மேல நிக்கி. பிடிநாள்லேயே ஏறிருக்கு. ஏறுனது எறங்கவே இல்ல. சின்னப் புள்ளைக்குப் பிடிநாள்ல பின்வரவு எப்படிக்கா வரும்? நல்ல நாளு நல்ல நாளா மட்டுந்தான இருக்கும்?" பேசிக்கொண்டே போனவன் நிறுத்தினான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "இது யாரு நாளுக்கா?"

அவள் சொன்னாள்.

சதக் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான்.  

"எத்தன பேருக்கு?" என்று கேட்டான்.

பதினோரு வருடத்துக் கோப்புகளை இரண்டு பேருமாக எடுத்தார்கள். அந்த நாளை வாங்கியவர்கள் நாற்பது பிள்ளைகள். ஜெனோவாவோடு நாற்பத்தொன்று. அதில் ஒன்பது பேர் அறுபதுக்கு மேல் போய், பெரியவர்களாக விசாரிக்கப்பட்டு, சிறையில் இருந்தார்கள். ஒன்பது பேர் பெயரும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் நல்ல நாள் இல்லாத பிள்ளைகள். அதனால்தான் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க சொன்னா ஒங்க மேலயே கேஸு வரும்," என்றான் சதக். "சொல்லாம விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா நாளைக்கு எனக்கு டீ வாங்கித் தரச் சொல்லாதீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு எறங்காது."

அவன் அப்படித்தான். எதையும் பாதி கேலியாகத்தான் சொல்வான். அன்று அவன் கண் கலங்கியிருந்தது.

குழுமம் கூடிய நாளில் முதன்மை நடுவர் நளாயினியும் உறுப்பினர்கள் இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நளாயினி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதட்டாமல் பேசுகிறவர். உலகம்மை எழுந்து நின்று, எதையும் மறைக்காமல், ஒன்பது பெயரையும் வாசித்துச் சொல்லி முடித்தாள். நளாயினி பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை வருஷமா இதைச் செய்யறீங்க?"

"பதினோரு வருஷம் மேடம்."

"தப்புன்னு தெரியுமா?"

"விதிக்கு விரோதம்னு தெரியும். பிள்ளைக்கு விரோதம்னு தெரியாது."

நளாயினி பெயர்கள் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த ஒன்பது கேஸையும் நான் மேல எழுதறேன். உங்களைப் பத்தியும் எழுதியாகணும். உக்காருங்க." பிறகு சதக்கிடம் கேட்டார். "இந்தப் பொண்ணுகிட்டேருந்து அந்த நாளை எடுத்துட முடியுமா?"

"முடியும் மேடம். புதுசா ஒட்டுனதுதான். எடுத்துட்டு மறுபடி அளந்தா சரியான கணக்கு வரும். ஆனா அந்தப் புள்ள சம்மதிக்கணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

ஜெனோவாவை முன்னால் கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் பொன்னுத்தாய் இருந்ததை உலகம்மை அப்போதுதான் கவனித்தாள்.

நளாயினி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி விளக்கினார். "உன் மனசுல இந்த மேடத்தோட நாள் ஒண்ணு கலந்துடுச்சு. அதனாலதான் எழுபத்தெட்டு வந்திருக்கலாம். அதை எடுத்துட்டு மறுபடி பாக்கலாம். வலிக்காது. எடுக்கலேன்னா என்கிட்ட இருக்கிறது இந்த எழுபத்தெட்டு மட்டும்தான். பெரியவங்க கோர்ட்டுக்குப் போகும். பதினாலு வருஷம்கூட ஆகலாம். புரியுதாம்மா?"

"புரியுது."

"அப்போ எடுத்துடலாமா?"

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். வெளுத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துப் பிரித்தாள். உலகம்மையின் வாய்க்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது. எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் மூக்குத்தியும் பிளாஸ்திரியும் அந்தப் பல்லும் அவள் அம்மாவுடையவையாக இந்த உலகத்தில் யாரிடமும் இருக்காது; மற்ற நாற்பது பேரும் அவற்றைத் தங்கள் அம்மாவுடையவை என்றே வைத்திருந்தார்கள். அந்த எண்ணம் வந்ததற்காக இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது. அரை நிமிடம் தயங்கினாள். பிறகு எழுந்தாள்.

"ஜெனோவா, எடுத்துரச் சொல்லும்மா. அது எங்க அம்மாதான். நான் சொல்லுதேன், எடுத்துரட்டும்."

"வேண்டாம் மேடம்," என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம்னா?" என்றார் நளாயினி.

"எடுக்க வேண்டாம். இருந்துட்டுப் போட்டும்."

"பதினாலு வருஷம்னு சொன்னேனே."

"கேட்டேன். ஜெயில்லயும் அத நெனைச்சுக்கிடலாம்ல? எடுத்துட்டா அப்புறம் நான் வெளிய வந்து எத நெனைக்க?"

அவளுக்காக வாதாட வந்திருந்த வக்கீல் பதறி எழுந்தார். நளாயினி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

நளாயினி பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

"குடை வர்றதுக்கு முன்னாடி நாங்க பிள்ளைங்களை நேராத்தான் பாத்தோம். பதினாலு வருஷத்தையும் ஒரு மத்தியானச் சாப்பாட்டையும் எதிரெதிர வெச்சா, பின்னால வர்றதைப் பாக்கத் தெரிஞ்ச யாரும் சாப்பாட்டை எடுக்க மாட்டாங்க. இவ எடுக்கறா. எனக்கு இதுக்கு மேல மெஷின் வேண்டாம். அறிக்கையை நிராகரிக்கறேன். இவ குழந்தை. வழக்கு இந்தக் குழுமத்திலேயே நடக்கும்."

உறுப்பினர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னுத்தாய் எழுந்தாள். நேராக உலகம்மையிடம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து உலகம்மை நின்றாள்.

"அப்போ தெரியாமத்தான் செஞ்சாளா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

உலகம்மை ஜெனோவா நின்ற பக்கம் பார்த்தாள். காவலர் அழைத்துப்போகக் காத்திருந்தாள் அவள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பத்தொரு வயதுக்காரி ஒருத்தியின் பின்வரவு அந்தப் பெண்ணுக்குள் அப்போதும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்று அப்படி ஒரு பதிலைச் சொன்னால் அதைக் கேட்பவர் என்ன எழுதுவார் என்று முன்கூட்டியே பார்க்க அது போதும். எது பேசியது? பதினேழு வயதா, நாற்பத்தொன்றா? உலகம்மைக்குத் தெரியவில்லை. கவிகைக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்திருக்கும். அவளை இனி யாரும் அதில் உட்காரவிடப் போவதில்லை.

"ஆமாம்மா, தெரியாமத்தான்," என்றாள்.

பொன்னுத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜெனோவா மூன்று வருடம் சிறப்பு இல்லத்தில் இருந்தாள். வெளியே வந்து படகு இன்ஜின் பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டாள். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண் பிள்ளைகள். உலகம்மையைத் தேடி அவள் வரவில்லை, உலகம்மையும் போகவில்லை. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் நடக்கிறது. அதன் மேல் இருந்த வழக்கு முடியவில்லை. பொன்னுத்தாய் ஏழு வருடத்துக்கு முன்னால் காலமானாள். நளாயினி வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு அங்கேயே ஓய்வு பெற்றார். குடையை வழக்குகளில் பயன்படுத்துவதை அரசாங்கம் அந்த வழக்குக்குப் பிறகு ஆறாவது வருடம் நிறுத்தியது. சதக் காயல்பட்டினத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பெருநாளுக்குப் பிரியாணி அனுப்புவான். உலகம்மைக்கு வேலை போயிற்று. எட்டு மாதம் வழக்கு நடந்து எச்சரிக்கையோடு விட்டார்கள். அதன் பிறகு தென்காசியில் ஒரு நர்சரிப் பண்ணையில் கணக்கு எழுதினாள். இப்போது தங்கை முறையான ஒருத்தியோடு இருக்கிறாள். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மறுவிசாரணையில் விடுதலை கிடைத்தது. இரண்டு பேர் தண்டனையை முழுவதும் கழித்துவிட்டு வந்தார்கள். ஒருவன், இசக்கிமுத்து, விடுதலை உத்தரவு வருவதற்கு நாற்பது நாள் முன்னால் சிறை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனுக்கு இருபத்து மூன்று வயது.